ஹெட்லைட் பாஷையும் பட்டுக்கடை பாஷையும்

"இன்னைக்கு ஆணி ஜாஸ்தி. கும்மிக்கு அப்பாலிக்கா வர்றேன்."

இந்த வரி புரிஞ்சுதுன்னா நீங்க நம்ம ஆளு. 2000களில் பதிவு எழுதியிருக்கீங்க, இல்லைன்னா பின்னூட்டத்துல குடியிருந்திருக்கீங்க. :-) புரியாதவங்களுக்கு: ஆபீஸ்ல வேலை அதிகம், அரட்டைக்கு அப்புறமா வர்றேன்னு அர்த்தம். ஆணி பிடுங்கறது 2001ல் வந்த 'ப்ரெண்ட்ஸ்' பட வடிவேலு உபயம்.

போன வாரம் பழைய பதிவு ஒண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு தனியா சிரிச்சுக்கிட்டு இருந்தேன். பக்கத்துல வந்து உட்கார்ந்த அக்கா பையன் எட்டிப் பார்த்துட்டு "இன்னா மாமா ஆணி, கும்மின்னு... நேரா சொன்னா ஆவாதா?"ன்னு கேட்டான். பதில் சொல்ல வாயெடுத்தேன், வரலை. நேரா சொல்லக்கூடியதை ஏன் சுத்தி வளைச்சு சொல்றோம்? யாருக்குப் புரியணும்னு, யாருக்குப் புரியக்கூடாதுன்னு? அதைப் பத்தி யோசிச்சதுல இழுத்துக்கிட்டே போனதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல இலக்கணம். பயப்படாதீங்க, ஒரே பத்திதான்.

இதுக்கு நம்ம ஆளுங்க எப்பவோ பேர் வெச்சுட்டாங்க. குழூஉக்குறி. 13ஆம் நூற்றாண்டுல சீயகங்கன் ஆதரவுல பவணந்தி முனிவர் எழுதின நன்னூல்ல, தகுதி வழக்கு மூணுல ஒண்ணா இது வரும். மத்த ரெண்டு இடக்கரடக்கல், மங்கலம். உரைகாரங்க சொல்ற உதாரணம் பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணியிருப்போம்: பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பாங்க, யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பாங்க, வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பாங்க. கள்ளுக்கு சொல்விளம்பி! உள்ளே போனா தானா பேச வைக்கும்ல, அதான். வெச்சவன் ரசிகன்யா.

இந்த மூணுல பாருங்க. வேடரோட 'சொல்விளம்பி' ஒரு விளையாட்டு, நம்ம ஆணி மாதிரி. ஆனா பொற்கொல்லர் 'பறி'ன்னு சொல்றப்போ எதிர்ல தங்கத்தைக் கொடுத்தவன் உட்கார்ந்திருக்கான். முதல்ல சொன்னதுக்கும் இதுக்கும் நடுவுல ஒரு பெரிய பள்ளம் இருக்கு. எனக்கு அது புரிய என் மாமாவும் அப்பாவும் தேவைப்பட்டாங்க.

*

அம்மாவோட தம்பி லாரி டிரைவர். காஞ்சிபுரத்துக்கும் பெங்களூருக்கும் வண்டி ஓட்டினவர். 1988ல பத்தாவது பரீட்சை எழுதிட்டு வெட்டியா இருந்தப்போ, "வாடா மாப்ள, ஊரைப் பார்த்துட்டு வரலாம்"னு ஏத்திக்கிட்டார். வெள்ளைகேட்டுல ஏறி, வாலாஜா, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர். இப்ப என்.எச். 48ன்னு நம்பர் மாத்தி ஆறு வழி, நாலு வழின்னு இருக்கற ரோடு அப்ப வாலாஜா வரைக்கும் என்.எச். 4, அங்கேருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் என்.எச். 46, அதுக்கப்புறம் என்.எச். 7. பாதி தூரத்துக்கு மேல ஒத்தை ரோடு. எதிர்ல வர்ற வண்டி நம்ம மூக்கை உரசிட்டுப் போகும்.

வாலாஜா தாண்டினதும் எதிர்ல வந்த ஒரு லாரி ஹெட்லைட்டை ரெண்டு தடவை அணைச்சு எரிச்சுது. மாமா உடனே வேகத்தைக் குறைச்சார். கிளீனர் அண்ணன் எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் பயந்துட்டேன்.

"இன்னா மாமா?"

"முன்னாடி பிரேக் இன்ஸ்பெக்டர் நிக்கிறார்ங்கிறான்."

"யாரு அவர்? உனக்குத் தெரிஞ்சவரா?"

"தெரியாது. எந்த ஊர்க்காரனோ."

(மோட்டார் வாகன ஆய்வாளருக்கு ரோட்டுல பேரு பிரேக் இன்ஸ்பெக்டர்.) ரெண்டு கிலோமீட்டர் போனோம், நிஜமாவே ஜீப் நின்னுது. அதைத் தாண்டினதும் மாமா என்ன பண்ணார் தெரியுமா? எதிர்ல வந்த ஒவ்வொரு லாரிக்கும் ரெண்டு தடவை லைட்டை அணைச்சு எரிச்சார். யார் ஓட்டறாங்கன்னு கண்ணுக்கே தெரியாது. வெறும் வெளிச்சம்தான் எதிர்ல. அந்த வெளிச்சத்துக்கு ஒரு நன்றிக்கடன்.

அந்த ராத்திரி முழுக்க பாடம் நடந்துச்சு. ஞாபகம் இருக்கறதை எழுதறேன்:

முன்னாடி போற லாரி இடது இண்டிகேட்டர் போட்டா, ரோடு காலி, தாண்டிக்கோ. வலது போட்டா எதிர்ல வண்டி, வராதே. (ஆனா சில பக்கத்து டிரைவருங்க வலது போட்டே 'போ'ங்கறாங்க. பாஷை தெரியாம தாண்டினா நேரா மேலோகம்தான். அதனால நம்பர் பிளேட்டைப் பார்த்துட்டுதான் நம்பணும்னார் மாமா.)

பின்னாடி மரக்கிளையோ வேப்பங்கொத்தோ சொருகியிருந்தா வண்டி பழுது. சுத்திக் கல் வெச்சிருப்பாங்க. கிளம்பறப்போ அந்தக் கல்லை எடுக்காம போறவன் டிரைவரே இல்லை, கொலைகாரன். இது மாமா சொன்னது.

கிளீனர் பாடியை ஒரு தட்டு தட்டினா நில்லு, ரெண்டு தட்டினா போ. பின்னாடி எடுக்கறப்போ "வா... வா... வா... ஹோல்டான்!" இந்த ஹோல்டானைப் பல வருஷம் நான் தமிழ்னே நினைச்சுக்கிட்டு இருந்தேன். 'ஹோல்ட் ஆன்'ங்கற இங்கிலீஷ் நம்ம ரோட்டுப் புழுதில புரண்டு எழுந்து வந்த ரூபம். இதே மாதிரி இன்னொண்ணு 'ஸ்டெப்னி'. வேல்ஸ் நாட்டுல லனெல்லிங்கற ஊர்ல ஸ்டெப்னி தெருவுல 1904ல டேவிஸ் சகோதரர்கள் உபரி சக்கரம் செஞ்சு விக்க ஆரம்பிச்சாங்க. தெரு பேரு சக்கரத்துக்கு வந்து, கடல் தாண்டி, நம்ம டிரைவருங்க வாயில தங்கிடுச்சு.

அப்புறம் 'மாமூல்'. இதைவிட அழகான குழூஉக்குறி கிடையாது. அரபியில இருந்து உருது வழியா வந்த சொல், வழக்கமானதுன்னு அர்த்தம். லஞ்சம்னு சொன்னா ரெண்டு பேருக்கும் கூசும். 'வழக்கமானது'ன்னா யாருக்குக் கூசும்? இதைக் குழூஉக்குறியில சேர்க்கறதா, இடக்கரடக்கல்ல சேர்க்கறதான்னு பவணந்தியே குழம்பிடுவார்.

*

இதே கதை அமெரிக்காவுல ரேடியோவுல நடந்துச்சு.

1973ல் எண்ணெய் நெருக்கடி. பெட்ரோலை மிச்சம் பிடிக்க அடுத்த வருஷ ஆரம்பத்துலயே நிக்சன் அரசாங்கம் நாடு முழுக்க 55 மைல்தான் வேகம்னு சட்டம் போட்டுது. ஓடின மைலுக்குக் காசு வாங்கற லாரிக்காரனுக்கு இது வயித்துல அடி. டீசல் எங்கே கிடைக்குது, போலீஸ் எங்கே ஒளிஞ்சிருக்குன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க அவங்களுக்குக் கிடைச்சது சிட்டிசன் பேண்ட், சுருக்கமா சிபி ரேடியோ. சாதாரண ஜனங்க பேசறதுக்குன்னு ஒதுக்கின அலைவரிசை. வண்டியில ஒரு பெட்டி, கையில மைக், சில மைல் தூரம் கேக்கும். லாரிக்காரங்க கூடின இடம் 19ஆம் நம்பர் சேனல்.

அதுல பேசறதுக்கு போலீஸ்கிட்ட இருந்தே பாஷையைத் திருடினாங்க. 1930களின் கடைசியில அமெரிக்கப் போலீஸ் வயர்லெஸ்ல நேரத்தை மிச்சம் பிடிக்க உருவாக்கினதுதான் '10'ல ஆரம்பிக்கற எண் குறிகள். 10-4ன்னா 'சரி, கேட்டுது'. லாரிக்காரன் அதை எடுத்து போலீசுக்கு எதிராவே திருப்பினான். நெடுஞ்சாலை போலீசுக்கு வெச்ச பேரு கரடி. காட்டுத்தீ விழிப்புணர்வுக்கு 1944ல அங்க வந்த ஸ்மோக்கிங்கற கரடிப் பொம்மை அகலத் தொப்பி போட்டிருக்கும், அதே தொப்பிதான் போலீஸ் தலையிலும். ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு புனைபெயர். (நம்மளை மாதிரியேதான்!)

1975ல 'கான்வாய்'னு ஒரு பாட்டு வந்து அடுத்த ஜனவரியில அமெரிக்காவோட முதலிடம் பிடிச்சுது. அவ்வளவுதான், ஊரே சிபி வாங்க ஆரம்பிச்சுது. ஜனாதிபதி மனைவி பெட்டி ஃபோர்டே 'ஃபர்ஸ்ட் மாமா'ங்கற பேர்ல பேசினாங்க. (நம்ம மாமா இல்லீங்க, அங்க அம்மான்னு அர்த்தம்.) 1977 ஜனவரியில 23 சேனல் 40 ஆச்சு. எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம் அப்புறம் எப்படி ரகசியம்? போலீசும் அதே சேனலைக் கேட்டாங்க. பாஷை மெதுவா பழைய மெருகு இழந்துச்சு.

சரி, அது ஏன் நம்ம லாரியில வரலை? காசு ஒரு காரணம்தான். பெரிய காரணம் சட்டம். 1885ல வெள்ளைக்காரன் போட்ட தந்திச் சட்டம், 1933ல போட்ட வயர்லெஸ் சட்டம். லைசென்ஸ் இல்லாம வயர்லெஸ் பெட்டி வெச்சிருக்கறதே குத்தம். சுதந்திரம் வந்தும் அது அப்படியே இருந்துச்சு. வெள்ளைகேட்டுல டீ குடிக்கற டிரைவர் கையில வயர்லெஸ் மைக் இருந்திருந்தா உளவாளின்னு உள்ளே தள்ளியிருப்பாங்க. கடைசியா 2005ல அந்த 27 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைவரிசையை 5 வாட் வரைக்கும் லைசென்ஸ் இல்லாம பயன்படுத்தலாம்னு விதி வந்துச்சு. எப்போ? 2003லயே செல்போன்ல இன்கமிங் இலவசமாகி, டிரைவர் சட்டைப்பையில போன் வந்த பிறகு. கல்யாணம் முடிஞ்சு பந்தியும் முடிஞ்சப்புறம் பத்திரிகை வந்த கதை. அந்த ரெண்டு பழைய சட்டத்துக்கும் பதிலா புதுசு போட்டது 2023லதான்.

ஆக, அமெரிக்க டிரைவருக்கு வாய் இருந்துச்சு. நம்ம டிரைவருக்கு வாயைக் கட்டிட்டாங்க. அவன் லைட்டு, இண்டிகேட்டர், ஹாரன், உள்ளங்கை, வேப்பங்கொத்துன்னு கையில கிடைச்சதை எல்லாம் வாயாக்கிக்கிட்டான். எனக்கு இதை நினைக்கறப்போல்லாம் ஒரு பெருமை வரும்.

பெருமையோட நிறுத்திக்கக் கூடாது, நியாயமும் பேசணும். ரெண்டு தடவை லைட் அடிச்சா ஓவர்லோடு வண்டியும் தப்பிச்சுடுது, பிரேக் இல்லாத வண்டியும் தப்பிச்சுடுது. அதே ரோட்டுல பஸ்ல குழந்தைங்க போவுது. பின்னாள்ல இதை மாமாகிட்ட கேட்டிருக்கேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்: "நெஜந்தான். ஆனா நானும் யாருக்கு லோடு ஏத்தறேன்? ஏத்தலைன்னா வண்டிச் சாவியைக் குடுத்துட்டுப் போன்றாரு மொதலாளி. புடிச்சா கேஸ் எம்மேல." அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

இப்ப அந்த லைட் பாஷையும் அநேகமா போயிடுச்சு. தங்க நாற்கரச் சாலை வந்து நடுவுல மீடியன் போட்டு அரளிச்செடி வெச்சப்புறம் எதிர்ல வர்றவன் முகத்தை என்ன, லைட்டையே ஒழுங்கா பார்க்க முடியாது. 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்து வணிகவரி செக்போஸ்ட்டுங்க போச்சு. 2021ல ஃபாஸ்டேக் கட்டாயமாச்சு. கிளீனர் இல்லாம தனியா ஓடற வண்டிங்க நிறைய, பாடியைத் தட்ட ஆளில்லை. தகவல் எல்லாம் வாட்ஸப் குழுவுல குரல் செய்தியா வருது. வசதிதான். ஆனா குழுவுல இருக்கறவனுக்குதான் வரும். மாமாவுக்கு அன்னைக்கு லைட் அடிச்சவன் எந்தக் குழு?

*

இப்ப அப்பா கதை.

மாமா வண்டியில திரும்பி வர்றப்போ சில சமயம் பார்சலோட பார்சலா கர்நாடகத்துப் பட்டுநூல் மூட்டை இருக்கும். அந்த மாதிரி நூல்தான் சாயம் ஏறி, பாவாகி, பிள்ளையார்பாளையத்துல எங்க வீட்டுத் தறிக்கு வரும். அப்பா கூலி நெசவு. நூலும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார், சேலையை நெஞ்சு கொண்டுபோய் கொடுத்துக் கூலி வாங்கணும். பழுது இருந்தா கூலியில பிடிப்பாங்க.

பட்டு ஊர்ல தொழில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. உடலையும் கரையையும் தனித்தனியா மூணு நாடா போட்டுக் கோக்கறது கோர்வை. உடலும் முந்தியும் வேற நிறமா இருந்தா பாவை இழை இழையா இணைக்கறது பெட்னி. மயில்கண், குயில்கண், வங்கி, தாழம்பூ ரேக்குன்னு கரைக்கும் புட்டாவுக்கும் பேருங்க. இதெல்லாம் மறைக்கறதுக்காக வந்தது இல்லை. வேலை செய்யறவன் வேலைக்காக வெச்ச பேரு. யார் கேட்டாலும் அப்பா உட்கார வெச்சு சொல்லிக் கொடுப்பார்.

ஆனா சேலை கொடுக்கற கடையில வேற ஒரு பாஷை ஓடும். (கடை பேரு வேணாம். அப்படி ஒரே கடையும் இல்லை.) அப்பா சேலையைப் பிரிச்சுப் போடுவார். முதலாளி தடவிப் பார்ப்பார், வெளிச்சத்துல பிடிப்பார். அப்புறம் திரும்பி கணக்குப்பிள்ளைகிட்ட ரெண்டே ரெண்டு வார்த்தை சொல்வார். தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. கணக்குப்பிள்ளை தலையாட்டி எழுதுவார். கூலி கைக்கு வர்றப்போ குறைஞ்சிருக்கும். எவ்வளவு குறையும்னு அந்த ரூம்ல எல்லாருக்கும் முதல்லயே தெரியும், நெஞ்சவனைத் தவிர.

இது எங்க ஊர் மட்டும் கண்டுபிடிச்சது இல்லை. 1909ல எட்கர் தர்ஸ்டன் ரங்காச்சாரி துணையோட வெளியிட்ட தென்னிந்திய சாதிகள் பற்றின 7 தொகுதிகள்லயே வணிகர்களோட ரகசியத் தொழில்மொழி, எண்களுக்கு அவங்க வெச்சிருந்த மாற்றுச் சொற்கள் எல்லாம் வருது. கடைச் சீட்டுல அடக்கவிலையை எழுத்தால எழுதறது உலகம் முழுக்க உண்டு. பத்து எழுத்து, எதுவும் ரெண்டு தடவை வராத ஒரு வாக்கியம் போதும். உதாரணத்துக்கு நானே ஒண்ணு கட்டினேன்: 'கடம்பா நீயே என் துணை'. க=1, ட=2, ம்=3, பா=4, நீ=5, யே=6, எ=7, ன்=8, து=9, ணை=0. இப்ப சேலைச் சீட்டுல 'பாஎநீணை'ன்னு இருந்தா அடக்கம் 4,750 ரூபாய். வாங்க வந்தவங்க அதைப் பார்த்து ஏதோ டிசைன் நம்பர்னு நினைச்சுப்பாங்க.

மாட்டுச் சந்தையில துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடிச்சுப் பேரம் பேசறதும் ரகசியம்தான். ஆனா அங்க துண்டுக்குள்ள விக்கறவன் கையும் இருக்கு, வாங்கறவன் கையும் இருக்கு. மறைக்கறது சுத்தி நிக்கற கூட்டத்துகிட்ட. பட்டுக்கடைத் துண்டுக்குள்ள அப்பா கை இல்லை.

அப்பா செத்து அஞ்சு வருஷம் ஆச்சு. அவர் பெட்டியில பழைய தினக் காலண்டர் தாள் ஒண்ணு கிடைச்சுது. பின்பக்கம் பென்சில்ல கட்டம் போட்டு, ஒரு பக்கம் அந்தக் கடை வார்த்தைங்க, எதிர்ல எண்கள். 1ல இருந்து 9 வரைக்கும். 4க்கு எதிர்ல மட்டும் காலி. ஒவ்வொரு தடவை கூலி பிடிச்சப்பவும் வார்த்தையைக் காதுல வாங்கிட்டு வந்து, பிடிச்ச தொகையோட பொருத்திப் பார்த்து, பல வருஷமா கட்டியிருக்கார். அஞ்சாவது வரைக்கும் படிச்சவர். ஒவ்வொரு எண்ணுக்கும் அவர் குடுத்த விலை அந்த மாசத்துக் கூலி.

அம்மாகிட்ட காட்டினேன். "தெரியும்டா. ஒரு நாள் கடையில அவரு சொல்றதுக்கு முன்னாடி நானே தொகையைச் சொல்லிடட்டுமான்னு கேட்டாரு. வேணாம்னேன்."

"ஏம்மா?"

"சொன்னா அன்னிக்கே வார்த்தையை மாத்திருவாங்க. பாவும் தரமாட்டாங்க."

அப்பா சொல்லலை. அதுக்கு பதிலா கூட்டுறவு சங்கத்துல சேர்ந்தார். கைத்தறிக்குக் கூட்டுறவு நம்ம மாகாணத்துல பழசு, கோ-ஆப்டெக்சே 1935ல ஆரம்பிச்சது. சங்கத்துலயும் ஆயிரம் குறை உண்டு. நூல் லேட்டா வரும், பணம் அதைவிட லேட்டா வரும். அப்பா அதைத் திட்டாத நாளில்லை. ஆனா இந்த ரகச் சேலைக்கு இவ்வளவு கூலின்னு காகிதத்துல எழுதியிருக்கும். படிக்கத் தெரிஞ்சவன் படிச்சுக்கலாம். பழுதுக்குப் பிடிச்சா எவ்வளவு, எதுக்குன்னு தமிழ்ல சொல்வாங்க, இவரும் தமிழ்லயே சண்டை போடுவார். தோத்தும் இருக்கார். ஆனா என்ன நடக்குதுன்னு தெரிஞ்சு தோத்தார்.

அதனால எனக்கு இப்ப குழூஉக்குறின்னு எதைக் கேட்டாலும் முதல்ல தோணற கேள்வி, எதிர்ல யார் நிக்கிறாங்கங்கறதுதான். மாமாவோட லைட், அதிகாரம் இருக்கறவனுக்குத் தெரியாம இல்லாதவனுக்குச் சேதி சொல்லுச்சு. பார்த்தே இராதவனுக்கும் சொல்லுச்சு. கடையோட ரெண்டு வார்த்தை, இல்லாதவன் காது முன்னாடியே அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துச்சு. நன்னூல்ல ரெண்டுக்கும் பேரு ஒண்ணுதான்.

நம்ம ஆணி, கும்மி, மொக்கை, ரிப்பீட்டு எல்லாம் எந்தப் பக்கம்னு நீங்களே சொல்லுங்க. புதுசா வந்தவன் ஒருத்தன் புரியாம முழிச்சப்போ நாம விளக்கியிருக்கோமா, சிரிச்சிருக்கோமா? நான் ரெண்டும் பண்ணியிருக்கேன்.

அக்கா பையனுக்கு ஆணிக்கு அர்த்தம் சொல்லிட்டேன். அப்படியே காலண்டர் தாளையும் காட்டினேன். 4க்கு எதிர்ல விரலை வெச்சுக்கிட்டு "இது இன்னா வார்த்தை மாமா?"ன்னு கேட்டான். நாலுங்கற எண் தனியா அப்பா கூலியில பிடிபடவே இல்லை போல. அந்த ஒரு கட்டத்துல மட்டும் அவருக்கு நஷ்டம் இல்லை.

கொசுறு: உங்க ஊர்ல, உங்க வீட்டுத் தொழில்ல இந்த மாதிரி சொல்லுங்க இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. அர்த்தத்தோட. :-)